கண்ட உலகம் காத்ததா? போர்ப்படங்களின் வலிமை பற்றிய நம்பிக்கைக்கு ஒரு மறுப்பு

போரில் நடக்கும் கொடுமைகளைப் படம்பிடித்து உலகத்தின் கண்முன் வைத்துவிட்டால் உலகம் அவற்றை நிறுத்திவிடும் என்ற எண்ணம், மனித உரிமை அமைப்புகளின் வேண்டுகோள்களிலும் ஒளிப்பட விருதுகளின் பாராட்டுரைகளிலும் இதழியல் வகுப்புகளிலும் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக வழங்கிவருகிறது. வியட்நாம் போரை ஒரு சிறுமியின் படம் நிறுத்தியது என்பதும், காங்கோ மக்களை ஒரு கோடாக் கேமரா காப்பாற்றியது என்பதும், கேமரா இல்லாத இடங்களில்தான் பெரும் படுகொலைகள் தடையின்றி நடந்தேறின என்பதும் இந்த எண்ணத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள். அந்தச் சான்றுகளையே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை நிறுவுவதாகச் சொல்லப்படுவதை அவை நிறுவவில்லை என்பது தெரியவரும். படம் பயனற்றது என்று இங்கே வாதிடப்படவில்லை. படத்துக்கு இல்லாத வலிமையை அதன்மேல் ஏற்றும்போது, போரை உண்மையில் நடத்துகிற கைகளும் அந்தக் கைகளைக் கட்டக்கூடிய கருவிகளும் மக்களின் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன என்பதே வாதம்.

இந்த நம்பிக்கையின் தலைமைச் சான்றாக நிற்பது 1972 ஜூன் 8 அன்று தென்வியட்நாமின் திராங் பாங் ஊரருகே எடுக்கப்பட்ட படம். பெட்ரோலைக் கூழாக்கி, உடலில் ஒட்டிக்கொண்டு எரியும்படி செய்யப்பட்ட நாபாம் குண்டு விழுந்த பின், உடையெல்லாம் எரிந்துபோன ஒன்பது வயதுச் சிறுமி கைகளை விரித்துக் கதறியபடி நெடுஞ்சாலையில் ஓடிவருகிறாள். குண்டை வீசியது அமெரிக்க விமானப்படை என்று இன்றும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வீசியது தென்வியட்நாம் விமானப்படை, அந்தப் படையைக் கட்டி வளர்த்து விமானம் கொடுத்தது அமெரிக்கா. பொறுப்பு யாருடையது என்ற இந்தச் சிக்கலான செய்தியில் ஒரு துளியும் படத்துக்குள் இல்லை. நாட்காட்டியைப் பார்த்தால் நம்பிக்கை இன்னும் தளர்கிறது. 1969இல் 5,40,000ஐத் தாண்டியிருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை, இப்படம் வெளிவந்த மாதத்தில் ஏற்கெனவே 70,000க்கும் கீழே இறங்கியிருந்தது. வெளியேறுவதற்கான கால அட்டவணை அதற்கு வெகுமுன்பே வகுக்கப்பட்டு நடந்துகொண்டிருந்தது. படத்தைப் பார்த்த அதிபர் நிக்சன், அது ஜோடிக்கப்பட்டதாக இருக்குமோ என்று தம் உதவியாளரிடம் ஐயப்பட்டது வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க வாக்காளர்கள் அவரை ஐம்பதில் 49 மாநிலங்களில் வெற்றிபெறச் செய்தார்கள். டிசம்பர் 18 முதல் 29 வரை ஹனோய், ஹைபோங் நகரங்கள்மீது பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. போர் முடிந்தது 1975 ஏப்ரலில், வடவியட்நாமின் டாங்கிகள் சைகோனுக்குள் நுழைந்தபோது.

இதற்கு விடையாக, ஒரு படம் நிறுத்தாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் வீட்டுக் கூடத்துக்குள் வந்து விழுந்த தொலைக்காட்சிக் காட்சிகள் அமெரிக்க மக்களின் மனத்தை மாற்றின என்று சொல்வதுண்டு. அதுவும் ஆய்வின்முன் நிற்பதில்லை. கொரியப் போர், வியட்நாம் போர் இரண்டின்போதும் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளை ஒப்பிட்ட ஜான் முல்லர், அமெரிக்கப் படையினரின் சாவு எண்ணிக்கை ஏற ஏறப் போருக்கான ஆதரவு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விதமாகச் சரிந்ததை 1973இல் வெளியான நூலில் காட்டினார். கொரியப் போரின்போது தொலைக்காட்சிச் செய்தி தவழும் பருவத்தில்தான் இருந்தது. டேனியல் ஹாலின் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்து, 1968 ஜனவரியில் கம்யூனிஸ்டுப் படைகள் தொடங்கிய டெட் தாக்குதலுக்கு முன்பு அவை பெரும்பாலும் அரசின் தரப்பையே ஒட்டிச் சென்றன என்றும், இரத்தமும் பிணமும் அவற்றில் அரிதாகவே காட்டப்பட்டன என்றும் நிறுவினார். ஆனால் போரில் இறங்கியது தவறு என்போரின் விகிதம், தவறில்லை என்போரின் விகிதத்தை 1967 இறுதிக்குள்ளேயே முந்திவிட்டது. அமெரிக்கத் தரைப்படை தானே வெளியிட்ட அதிகாரபூர்வ வரலாறுகூட, மக்களைப் போரிலிருந்து விலக்கியது ஊடகமன்று, சாவு எண்ணிக்கையே என்ற முடிவுக்குத்தான் வந்தது. மக்களை அசைத்தது பெட்டிகளில் திரும்பி வந்த தம் பிள்ளைகளின் உடல்கள். வியட்நாமியரின் துன்பத்தைப் பார்த்து அமெரிக்கா இரங்கியது என்ற கதை அமெரிக்காவுக்கு ஆறுதலளிக்கிற கதை. அது நிலைபெற்றதற்கு அந்த ஆறுதலும் ஒரு காரணம்.

மை லாய் படுகொலையை இன்னும் கிட்ட நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் படம் எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது. 1968 மார்ச் 16 அன்று அந்தக் கிராமத்தில், வியட்நாம் தரப்புக் கணக்கின்படி 504 பேர் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டபோது, ரொனால்ட் ஹேபர்லி என்ற ராணுவ ஒளிப்படக்காரர் இரண்டு விதமான கேமராக்களோடு உடனிருந்தார். ராணுவம் கொடுத்த கேமராவில் அவர் எடுத்து ஒப்படைத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் கொலை இல்லை. பாதையில் குவிந்துகிடந்த பெண்கள், குழந்தைகளின் உடல்களைக் காட்டும் வண்ணப்படங்கள் அவருடைய சொந்தக் கேமராவில் இருந்தன, அவை ஓராண்டுக்கு மேல் வெளியே வரவில்லை. விசாரணையைத் தொடங்கிவைத்தது, அந்த நாளில் அங்கே இல்லாத ரொனால்ட் ரைடன்அவர் என்ற முன்னாள் படைவீரர், உடன் பணியாற்றியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த செய்திகளைத் தொகுத்து 1969 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பிய கடிதம். அந்தக் கொலைகளை முன்னின்று நடத்திய லெப்டினன்ட் கேலி மீது குற்றச்சாட்டு பதிவானது செப்டம்பரில். படங்கள் நாளிதழில் வந்தது நவம்பர் 20 அன்று. படங்கள் வந்தபின் நடந்தது என்ன? வழக்குத் தொடுக்கப்பட்டவர்களுள் கேலி ஒருவர் மட்டுமே தண்டனை பெற்றார். அந்தத் தண்டனையை எதிர்த்து வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன. ஆயுள் சிறை என்று விதிக்கப்பட்டவர், நான்காண்டு முடியுமுன், அதிலும் பெரும்பகுதியை வீட்டுக்காவலில் கழித்துவிட்டு, வெளியே வந்தார். அப்படங்கள் அதற்குள் அமெரிக்காவில் பரவலாக வெளிவந்திருந்தன.

காங்கோவின் கதை இந்த நம்பிக்கைக்கு மிக வலுவான துணை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு தம் சொந்த உடைமையாக வைத்திருந்த காங்கோவில், ரப்பர் பாலை அளவுப்படி கொண்டுவராத ஊர்களில் கைகள் வெட்டப்பட்டன. ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மறைப்பணியாளர் 1904 மே மாதம் எடுத்த படத்தில் ஒரு தந்தை திண்ணை விளிம்பில் அமர்ந்து, தன் சிறு மகளின் துண்டிக்கப்பட்ட கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடித் தகட்டில் பதித்துத் திரையில் ஒளிபாய்ச்சிக் காட்டும் மாய விளக்குக் கூட்டங்களில் இப்படம் பிரிட்டன் முழுதும் காட்டப்பட்டது. 1908இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பறிபோனது. ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை காங்கோ பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது 1903 மே மாதம், அதாவது இப்படம் எடுக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பு. அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தவர்களுள் முக்கியமானவர் எட்மண்ட் மொரெல். லிவர்பூல் கப்பல் நிறுவனமொன்றில் எழுத்தராக இருந்த அவர், காங்கோவிலிருந்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு ரப்பரும் தந்தமும் கப்பல் கப்பலாக வந்திறங்க, திரும்பிப்போகும் கப்பல்களில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் மட்டுமே ஏற்றப்படுவதைச் சரக்குக் கணக்கில் கண்டார். விலைக்கு மாற்றாக எதுவும் போகவில்லை என்றால் அங்கே வணிகம் நடக்கவில்லை, அடிமை வேலைதான் நடக்கிறது என்று கணக்கைக் கொண்டே முடிவுகட்டினார். அதன்பின் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் நேரில் சென்று எழுதிய அறிக்கை, மொரெல் அமைத்த காங்கோ சீர்திருத்தச் சங்கம், ஊர்தோறும் கூட்டம் நடத்தித் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பிய கிளைகள் என்று ஓர் ஏற்பாடு உருவானது. படம் அந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்து வேலைசெய்தது. ஆவணத்தின் வலிமை லியோபோல்டுக்கும் தெரிந்திருந்தது: காங்கோவை ஒப்படைக்கும் நேரம் வந்தபோது அவருடைய ஆட்கள் பிரஸ்ஸல்ஸில் எட்டு நாள் உலையில் போட்டு எரித்தவை நிர்வாக ஆவணங்கள்.

படத்தால் எழும் இரக்கம் பொய்யென்று சொல்ல முடியாது. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி. துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தையின் உடலைக் காட்டும் படம் 2015 செப்டம்பர் 2 அன்று உலகெங்கும் பரவியபோது, சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருந்த நிதிக்கு நாள்தோறும் வரும் நன்கொடைகளின் எண்ணிக்கை அந்த வாரம் நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது என்றும், ஏறக்குறைய ஆறு வாரத்தில் அந்த அலை வடிந்துவிட்டது என்றும் பால் ஸ்லோவிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் காட்டினார்கள். அதே செப்டம்பரின் நடுவில் ஹங்கேரி தன் செர்பிய எல்லையை முள்வேலியால் அடைத்து முடித்தது. அடுத்த மார்ச்சில், கிரேக்கத் தீவுகளில் வந்திறங்குவோரைத் துருக்கிக்கே திருப்பியனுப்பும் உடன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்டது. நன்கொடை கொடுத்த மக்களும் வேலி போட்ட அரசுகளும் பார்த்தது ஒரே படம். இந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்ததுதான், படங்கள் மிகுந்துபோனதால் மனம் மரத்துவிட்டது என்ற எதிர்வாதம். எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1977இல் அதை வலுவாக முன்வைத்து, 2003இல் தாமே அதில் ஐயம் கொண்டார். பார்வையாளரின் மனம் இளகினால் போர் நிற்கும் என்பவரும், இறுகியதால்தான் நிற்கவில்லை என்பவரும் பார்வையாளரின் மனத்திலேயே எல்லாம் தீர்மானமாகிறது என்று நம்புகிறார்கள். முள்வேலிக்கு ஒப்பந்தப் பணம் ஒதுக்கிய அமைச்சரவை இருவர் கண்ணிலும் படுவதில்லை.

அம்பலப்படுத்தினால் கொடியவர் வெட்கி நிறுத்துவார் என்ற முன்னெண்ணம் இதைவிடவும் பலவீனமானது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடிக் கொன்றவர்கள், அந்தக் கொலைகளின் படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலுக்குள் நுழைந்த ஹமாஸ் ஆயுதக்குழுவினர் தங்கள் கொலைகளைத் தாங்களே உடலில் பொருத்திய கேமராவில் பதிந்தார்கள். அதன்பின் காசாவில் இஸ்ரேலியப் படைவீரர்கள் பலர் வீடுகளைத் தகர்ப்பதையும் சூறையாடுவதையும் தாமே படம்பிடித்துச் சமூக ஊடகங்களில் வெளியிட்டார்கள். 2011 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய, இலங்கையின் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் இறுதிக்கட்டக் காட்சிகளுள் மிகக் கொடியவை, கைகட்டப்பட்டவர்களைச் சுட்ட படையினர் வெற்றி நினைவுக்காகத் தம் கைப்பேசிகளில் எடுத்தவை. அந்தப் போர் சாட்சியில்லாமல் நடந்ததால்தான் உலகம் தலையிடவில்லை என்று தமிழரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கும் கருத்து, செய்தியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்ற அளவில் உண்மை. அரசுகளுக்குத் தெரியாது என்ற அளவில் உண்மையன்று. இலங்கை அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஏற்பட்ட சேதத்தைக் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் 2009 ஏப்ரலிலேயே ஐ.நா.வின் கையில் இருந்தன. ஐ.நா. அலுவலர்கள் சாவுகளைச் சான்றோடு எண்ணிக்கொண்டிருந்தார்கள், அந்த எண்ணிக்கையை வெளியிட மேலிடம் தயங்கியது என்று ஐ.நா.வின் சொந்த உள்விசாரணைக் குழு சார்ல்ஸ் பெட்ரி தலைமையில் 2012 நவம்பரில் எழுதியது. ருவாண்டாவிலும் இதுவே கதை: படுகொலைக்கான பட்டியல் தயாராவதாக ஐ.நா. படைத்தளபதி தலேர் 1994 ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தொலைநகல் அனுப்பினார். தெரிந்தவர்கள் செயல்படாமலிருக்க முடிவெடுத்தார்கள். அந்த முடிவை, தெரியாததால் நேர்ந்த தவறாக மாற்றிக்காட்டும் வசதியைத்தான் படத்தின் வலிமை பற்றிய நம்பிக்கை அவர்களுக்குக் கொடுக்கிறது.

படம் எப்போது பயன்படுகிறது என்பதற்குச் சிரியாவின் சீசர் படங்களைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சீசர் என்பது, காவலில் இறந்தவர்களின் உடல்களைப் படமெடுக்கும் வேலையில் இருந்து, 2013இல் நாட்டைவிட்டு வெளியேறிய ராணுவக் காவல்துறை ஒளிப்படக்காரருக்கு இடப்பட்ட மறைபெயர். அவர் கடத்திக்கொண்டுவந்தவை ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். அவற்றுள் காவலில் இறந்தவர்களாக 6,786 பேரையாவது அடையாளம் பிரித்தறிய முடிகிறது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2015இல் கணக்கிட்டது. எலும்பும் தோலுமான அந்த உடல்களை ஐ.நா. பாதுகாப்பு அவையின் உறுப்பினர்கள் 2014 ஏப்ரல் 15 அன்று பிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் பார்த்தார்கள். சிரியாவின் குற்றங்களைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் தீர்மானம் ஐந்து வாரம் கழித்து வந்தபோது, பதின்மூன்று நாடுகள் ஆதரித்தும், ரஷ்யாவும் சீனாவும் தம் தடுப்பு வாக்கால் அதை வீழ்த்தின. படத்தின் கொடூரம் அதற்குமேல் எதுவும் செய்ய முடியவில்லை. ஆனால் அந்தப் படங்களில் பார்ப்பவர் கண் முதலில் கவனிக்காத ஒன்று இருந்தது: உடலின்மேலோ உடலருகே வைத்த அட்டையிலோ எழுதப்பட்டிருக்கும் எண்கள். ஒன்று கைதியின் எண், ஒன்று அவரை அடைத்துவைத்த உளவுப்பிரிவின் எண், இன்னொன்று சாவைப் பதிவுசெய்த மருத்துவரின் வரிசை எண். எந்த உடல் எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்பதைக் கொன்ற அரசே தன் கையால் எழுதிவைத்திருந்தது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றத்தில், டமாஸ்கஸின் 251ஆம் பிரிவில் விசாரணைத் தலைவராக இருந்த அன்வர் ரஸ்லான் மீதான வழக்கில், தடயவியல் மருத்துவர் மார்க்குஸ் ரோத்ஷில்ட் அந்தப் படங்களைப் பகுத்து, பட்டினியும் அடியும் எந்தெந்த உடலில் எப்படித் தெரிகின்றன என்று விளக்கினார்; அங்கிருந்து உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். மிகக் கொடிய பன்னாட்டுக் குற்றங்கள் எங்கே நடந்தாலும் எந்த நாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்னும் உலகளாவிய அதிகார வரம்பின்கீழ், 2022 ஜனவரி 13 அன்று அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உலகம் பார்த்து அதிர்ந்ததால் வந்த தீர்ப்பு இதுவன்று. எண், மருத்துவர், சாட்சி, சட்டம் ஆகியவற்றோடு படம் கோக்கப்பட்டதால் வந்தது.

இந்த நம்பிக்கை வெறும் மிகைமதிப்பீடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது செய்த தீங்கும் கணக்கில் வர வேண்டும். வியட்நாமில் தங்களைத் தோற்கடித்தது கேமரா என்று படைத்தலைமைகளும் நம்பின. 1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்குப் பிரிட்டன் தன் நாட்டுச் செய்தியாளர்களை மட்டும் கப்பலில் ஏற்றிச் சென்று, செய்தி அனுப்பும் வழியைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது. 1983இல் கிரெனடாவில் இறங்கிய அமெரிக்கா முதல் இரண்டு நாள் செய்தியாளர் எவரையும் விடவில்லை. 1991 வளைகுடாப் போரில் படை அழைத்துச் செல்லும் சிறு குழுக்களே களத்தைப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவின் டோவர் விமானதளத்தில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்க அந்த ஆண்டு விதித்த தடை 2009 வரை நீடித்தது. கேமராதான் போரை நிறுத்தும் என்று மனித உரிமையாளர்கள் சொல்லச் சொல்ல, அதை அடக்குவதற்கான நியாயம் படைத்துறைக்குக் கிடைத்தது. மறுபக்கம், படத்தில் விழுந்தவரோடு குற்றம் முடிந்துவிடும் கேடும் உண்டு. 2004 ஏப்ரலில் வெளியான, இராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் எடுத்த படங்களில் கழுத்துக் கயிற்றைப் பிடித்து நின்றவர்களும் நாயை ஏவியவர்களும் தெரிந்தார்கள். தண்டனை பெற்றவர்கள் பதினொரு கீழ்நிலைப் படையினர். கைதிகளின் உடையைக் களையவும் நாயைக் காட்டி அச்சுறுத்தவும் குவாண்டனாமோ சிறைக்கு அனுமதி கொடுத்து, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு 2002 டிசம்பர் 2 அன்று ஒப்பமிட்ட குறிப்பு, ஆறு வாரத்தில் திரும்பப் பெறப்பட்டபோதிலும், அந்த முறைகள் இராக்குக்கும் பரவ வழிசெய்தது என்று அமெரிக்க மேலவையின் படைத்துறைக் குழு 2008இல் முடிவுகட்டியது. அந்தக் குறிப்பைப் படமெடுத்து யாரும் விருது வாங்கவில்லை, அதற்காக யாரும் சிறை செல்லவுமில்லை.

அப்படியானால் கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டுமா என்ற கேள்வி எழும். வேண்டாம். ஆனால் அதைக் கையில் எடுப்பவரிடம் கேட்க வேண்டியவை மாறுகின்றன: எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கிறதா, மூலக் கோப்பு மாற்றப்படாமல் காக்கப்படுகிறதா, படத்தில் இருப்பவர் அல்லது அவருடைய குடும்பம் இசைந்ததா, படைப்பிரிவின் பெயரும் ஆயுதத்தின் வரிசை எண்ணும் தெரிகின்றனவா. ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட நெறிமுறையும் மூலக் கோப்பைக் காப்பது, இடத்தையும் நேரத்தையும் சரிபார்ப்பது போன்றவற்றைக் கேட்கிறது. இப்படிச் செய்தாலும் படத்தை ஏற்று நடத்தும் அதிகாரம் இல்லையென்றால் அது அங்கேயே நின்றுவிடும்: லிபியாவில் 33 பேரைக் கொன்றதாகச் சமூக ஊடகக் காணொளிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு 2017இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தால் பிடியாணை பிறப்பிக்கப்பட்ட படைத்தலைவர் மஹ்மூத் அல்வெர்ஃபல்லியை ஒப்படைக்க யாரும் முன்வரவில்லை, அவர் 2021 மார்ச்சில் பெங்காசியில் சுட்டுக்கொல்லப்படும்வரை படைப்பொறுப்பிலேயே இருந்தார். காசாவின் அழிவைப்போல் கணத்துக்குக் கணம் உலகத்தின் கைப்பேசிக்கு வந்துசேர்ந்த அழிவு வேறில்லை. ஆயினும் 2024 ஜனவரி 26 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்த பன்னாட்டு நீதிமன்றம் எடுத்துக்காட்டியவை இஸ்ரேலிய அதிகாரிகளின் சொற்களும் ஐ.நா. முகமைகளின் அறிக்கைகளும். அடுத்த மாதம் 12ஆம் நாள், மூன்று அமைப்புகள் தொடுத்த வழக்கில், எஃப்-35 போர்விமான உதிரிப் பாகங்களை நெதர்லாந்திலிருந்து இஸ்ரேலுக்கு அனுப்புவதை ஏழு நாளுக்குள் நிறுத்தும்படி ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. 2025 அக்டோபரில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், அந்த உரிமத்தை அரசே மீண்டும் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றது. வழக்கு முழுதும் சுற்றிச் சுழன்றது 2016இல் வழங்கப்பட்ட ஓர் ஏற்றுமதி உரிமத்தின்மீது. போருக்கு ஆயுதம் அனுப்பும் ஒவ்வொரு நாட்டிலும் அத்தகைய உரிமம் ஏதாவது ஓர் அமைச்சகத்தின் கோப்பில் இருக்கிறது. அதில் ஒப்பமிட்டவருக்கு ஒரு பெயரும் பதவியும் உண்டு.